பொறிப் பழுது எச்சரிக்கை விளக்கு

பொறிப் பழுது எச்சரிக்கை விளக்கு என்பது, தானுந்தின் பொறியிலோ அதன் புகை வெளியேற்றக் கட்டுப்பாட்டிலோ பழுது ஏற்பட்டுள்ளதை ஓட்டுநருக்கு அறிவிக்கும் விளக்கு ஆகும். இது முகப்புப் பலகையில் அமைந்திருக்கும். பேச்சு வழக்கில் இது செக் எஞ்சின் விளக்கு எனப்படுகின்றது.

இவ்விளக்கு எரிவதும், அதனுடன் வண்டியின் இழுவை குறைவதும், பழுது பார்த்த சில நாட்களில் இரண்டும் திரும்ப வருவதும் பரவலாகக் காணப்படும் ஒரு சிக்கலாகும். கணினி காட்டும் குறியீட்டைப் பழுதான பாகத்தின் பெயராகக் கொண்டு, அப்பாகத்தை மட்டும் மாற்றிவிடுவது இச்சிக்கல் நீடிப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. குறியீடு கணினி கண்ட விளைவைக் குறிக்கின்றது. அவ்விளைவின் காரணத்தைத் தனியே அளந்து அறிய வேண்டும். இக்கட்டுரை முதன்மையாக, எரிபொருள் தெளிப்பிகளைக் கொண்ட பெட்ரோல் பொறிகளைப் பற்றியது.

தோற்றமும் பொருளும்

இவ்விளக்கு பொதுவாகப் பொறியின் பக்கத் தோற்றத்தை ஒத்த சின்னமாக, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். சாவியைத் திருப்பியதும் இது எரிவதும், பொறி இயங்கத் தொடங்கியபின் அணைவதும் இயல்பு. விளக்கு நல்ல நிலையில் உள்ளதைக் காட்டுவதற்காகவே இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. சாவியைத் திருப்பும்போதும் எரியாத விளக்கு கெட்டுப்போனதாக இருக்கலாம். பழுதை மறைப்பதற்காகத் துண்டிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் இதனைக் கவனித்தல் நன்று.

விளக்கு மூன்று வகையாக நடந்துகொள்ளும்.

* தொடர்ந்து எரிதல்: பழுது ஒன்று உறுதி செய்யப்பட்டு நினைவகத்தில் பதியப்பட்டுள்ளது.
* விட்டுவிட்டு ஒளிர்தல்: உருளைகளில் எரிபொருள் எரியாமல் வெளியேறுகின்றது, வினையூக்கி மாற்றி சேதமடையும் நிலை. இதுவே மிகவும் அவசரமான அறிகுறி.
* தானே அணைதல்: பழுது சில பயணங்களாகத் தென்படவில்லை. குறியீடு நினைவகத்தில் இன்னும் இருக்கக்கூடும்.

சிவப்பு நிறத்தில் எரியும் எண்ணெய் அழுத்த விளக்கும், பொறியின் வெப்பநிலை விளக்கும் இதனின்றும் வேறானவை. அவை எரிந்தால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பொறியை உடனே அணைக்க வேண்டும்.

வரலாறு

இவ்விளக்கின் வரலாறு வளிமண்டல மாசுடன் தொடர்புடையது. லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டம், தானுந்துகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளிப்படும் ஐதரோகார்பன்களும் நைட்ரசன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதால் உண்டாகின்றது என்பதை 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் விளக்கினார். 1967இல் உருவாக்கப்பட்ட கலிபோர்னியா வளி வள வாரியத்தின் முதல் தலைவராகவும் அவர் பின்னர் பணியாற்றினார்.

புகைக் கட்டுப்பாடு இறுகியபோது, எரிபொருளையும் காற்றையும் நுட்பமாக அளந்து கலக்கும் தேவை எழுந்தது. பொறிகளுக்குள் கணினி நுழைந்தது. 1981ஆம் ஆண்டு மாதிரித் தானுந்துகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கணினிக் கட்டுப்பாட்டுடன் செக் எஞ்சின் விளக்கையும் பரவலாக அளித்தது. கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு மாதிரிகள் முதல், வண்டி தன்னைத்தானே கண்காணிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. இது பிற்காலத்தில் ஓபிடி 1 என அழைக்கப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி இணைப்பியும் தனிக் குறியீடுகளும் வைத்திருந்தது.

1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் அனைத்துத் தானுந்துகளுக்கும் ஓபிடி 2 கட்டாயமானது. 16 முனைகள் கொண்ட பொது இணைப்பியும் பொதுக் குறியீடுகளும் இதனுடன் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் தானுந்துகளுக்கு 2001இலும் டீசல் தானுந்துகளுக்கு 2003-2004இலும் இதையொத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் ஏப்ரல் 2010இல் ஓபிடி 1, ஏப்ரல் 2013இல் ஓபிடி 2 ஆகியன அறிமுகமாயின. ஏப்ரல் 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் கட்டம் ஏப்ரல் 2023இல் தொடங்கியது.

இவ்வரலாற்றில் பழுது பார்ப்பவர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெளியேறும் மாசு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டாமல் காப்பதற்காகவே இவ்விளக்கு சட்டத்தால் கொண்டுவரப்பட்டது. அமெரிக்க விதிகளில், பல பழுதுகளுக்கு மாசு அனுமதி அளவின் 1.5 மடங்கை எட்டுவதே விளக்கு எரிவதற்கான எல்லை. எனவே இழுவை சற்றும் குறையாத வண்டியிலும் விளக்கு எரியலாம். இழுவை பெரிதும் குறைந்த வண்டியில் எரியாமலும் இருக்கலாம்.

செயற்பாடு

பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிலோகிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. காற்று இதைவிட மிகுந்தால் மெலிந்த கலவை என்றும், குறைந்தால் செறிந்த கலவை என்றும் அழைக்கப்படும். உள்ளே வரும் காற்றை, காற்றோட்ட உணரியோ உள்ளிழுப்புக் குழாயில் உள்ள அழுத்த உணரியோ அளக்கின்றது. கணினி அதற்கேற்ற எரிபொருளைத் தெளிக்கச் செய்கின்றது. எரிந்து வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிசனை, புகைக்குழாயில் உள்ள ஆக்சிசன் உணரி அறிவிக்கின்றது. இவ்வறிவிப்பைக் கொண்டு கணினி அடுத்த தெளிப்பைத் திருத்திக்கொள்கின்றது.

இத்திருத்தம் எரிபொருள் திருத்தம் எனப்படும். உடனுக்குடன் மாறும் குறுங்காலத் திருத்தம், மெதுவாகக் கற்றுக்கொள்ளப்படும் நெடுங்காலத் திருத்தம் என இது இரு வகைப்படும். இரண்டின் கூட்டுத்தொகை 10 விழுக்காட்டுக்குள் ஏறியும் இறங்கியும் இருப்பது பொதுவாக இயல்பானது. 20 முதல் 25 விழுக்காட்டை ஒட்டி நிலைத்துவிட்டால், தன்னால் இதற்குமேல் ஈடுசெய்ய இயலாது எனக் கணினி முடிவுசெய்து குறியீட்டைப் பதிகின்றது.

பெரும்பாலான பழுதுகளுக்கு ஒரே பயணத்தில் விளக்கு எரிவதில்லை. முதற் பயணத்தில் தென்படும் பழுது தற்காலிகக் குறியீடாக வைக்கப்படும். அடுத்த பயணத்திலும் அதே பழுது தென்பட்டால் விளக்கு எரியும். பின்னர், அப்பழுது சோதிக்கப்பட்டும் தென்படாத மூன்று பயணங்கள் தொடர்ந்து அமைந்தால் விளக்கு அணையும். அதன் பின்னரும் குறியீடு நினைவகத்தில் தங்கியிருந்து, பொறி 40 முறை குளிர்ந்து சூடேறிய பிறகே அழியும்.

பழுதுக் குறியீடுகள்

குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. பொறியும் பற்சக்கரப் பெட்டியும் தொடர்பான குறியீடுகள், பவர்ட்ரெயின் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான பி என்பதில் தொடங்கும். அடுத்த இலக்கம் 0 ஆயின் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 ஆயின் நிறுவனத்துக்கே உரியது. அடிக்கடி காணப்படும் சில குறியீடுகளும் அவற்றின் சரியான பொருளும் பின்வருமாறு.

* பி0171: கலவை மெலிந்துள்ளதாக ஆக்சிசன் உணரி காட்டுகின்றது. உணரி பழுது என்று இதற்குப் பொருளில்லை.
* பி0172: கலவை செறிந்துள்ளது.
* பி0300: பல உருளைகளில் ஒழுங்கின்றி எரிதவறல் நிகழ்கின்றது. பி0301 முதல் உருளையையும் பி0302 இரண்டாம் உருளையையும் குறிக்கும், பிறவும் இவ்வாறே.
* பி0420: வினையூக்கி மாற்றியின் திறன் எல்லைக்குக் கீழே சென்றுவிட்டது.
* பி0101: காற்றோட்ட உணரியின் அளவீடு எதிர்பார்த்த வரம்பில் இல்லை.
* பி0128: குளிர்நீர் உரிய நேரத்தில் உரிய வெப்பநிலையை எட்டவில்லை.
* பி0299: சுழலூட்டி, அதாவது டர்போ, உரிய அழுத்தத்தைத் தரவில்லை.

எரிதவறலைப் பட்டறைகளில் மிஸ்ஸிங் என்பர். உருளை ஒன்றில் கலவை எரியாதபோது சுழல்தண்டின் வேகம் கணநேரம் குறைகின்றது. அக்குறைவைக் கொண்டே கணினி எரிதவறலை அறிகின்றது. எந்த உருளை என்பதை இதனால் சொல்ல முடியும். ஸ்பார்க் பிளக்கா, காயிலா, தெளிப்பியா, வால்வா என்பதைச் சொல்ல முடியாது.

ஒரு காரணம் வேறொன்றின் பெயரில் தோன்றுவதும் உண்டு. உருளை ஒன்றில் தீப்பொறி விழாவிட்டால், எரியாத பெட்ரோலுடன் பயன்படாத ஆக்சிசனும் புகைக்குழாய்க்கு வருகின்றது. ஆக்சிசன் உணரி அந்த ஆக்சிசனை மட்டுமே காண்கின்றது. கலவை மெலிந்ததாகக் கருதும் கணினி மேலும் பெட்ரோலைத் தெளிக்கின்றது. இங்கு கெட்டது காயில். ஐயத்துக்கு உள்ளாவது ஆக்சிசன் உணரி. நல்ல உணரியைக் கழற்றிப் புதியது பொருத்தினால், விலை கொடுத்ததைத் தவிர வேறு மாற்றம் நிகழாது.

விளக்கு மீண்டும் எரிவதற்கான காரணங்கள்

* குறியீடு அழிக்கப்பட்டது, பழுது நீக்கப்படவில்லை. பழுது மீண்டும் இரு பயணங்களில் தென்பட வேண்டியிருப்பதால், அழித்த ஓரிரு நாட்களுக்கு வண்டி சரியானது போலத் தோன்றும்.
* விளைவு சரிசெய்யப்பட்டது, மூலகாரணம் எஞ்சியுள்ளது. எரிதவறலால் கெட்ட வினையூக்கி மாற்றியைப் புதிதாக்கி, எரிதவறலை விட்டுவைத்தால் புதிய மாற்றியும் கெடும்.
* பழுது எப்போதும் இருப்பதில்லை. பொறி சூடேறியதும் துண்டிக்கப்படும் காயில் கம்பி, அதிர்வில் தளரும் இணைப்பி, எலி கடித்த கம்பி, துருவேறிய மண் இணைப்பு ஆகியன இவ்வகையின. நின்ற நிலையில் செய்யும் சோதனையில் இவை அகப்படுவது அரிது.
* மின்கலம் வலுவிழந்துள்ளது. மின்னழுத்தம் வீழும்போது தொடர்பில்லாத பல குறியீடுகள் ஒருங்கே பதிவாகலாம்.
* மாற்றிய பாகம் தரமற்றது அல்லது அவ்வண்டிக்குப் பொருந்தாதது.

எரிபொருள் தொட்டியின் மூடியைச் சரியாக இறுக்காததே காரணம் என்னும் அறிவுரை பரவலாகக் கூறப்படுகின்றது. பெட்ரோல் ஆவிக் கசிவைச் சோதிக்கும் அமெரிக்கத் தானுந்துகளுக்கு இது பொருந்தும். ஐரோப்பிய முறையைத் தழுவிய ஓபிடி விதிகளில் இக்கசிவுச் சோதனை கட்டாயமாக இல்லாதிருந்தது. அம்முறையைப் பின்பற்றிய இந்தியத் தானுந்துகள் பலவற்றுக்கு இவ்வறிவுரை பயன்படுவதில்லை. எங்காயினும், தளர்ந்த மூடி இழுவைக் குறைவை ஏற்படுத்தாது.

இழுவை குறைவதற்கான காரணங்கள்

வண்டி இழுக்கவில்லை, பிக்கப் இல்லை என்று ஓட்டுநர்கள் கூறும் குறையைப் பொறியின் நான்கு தேவைகளின் வழி ஆராயலாம்.

* காற்று: அடைபட்ட காற்று வடிகட்டி, கரி படிந்த திராட்டில், அழுக்கடைந்த காற்றோட்ட உணரி, வெடித்த உள்ளிழுப்புக் குழாய்.
* எரிபொருள்: வலுவிழந்த எரிபொருள் பம்பு, அடைபட்ட எரிபொருள் வடிகட்டி, அடைபட்ட அல்லது கசியும் தெளிப்பி, நீர் கலந்த பெட்ரோல்.
* தீப்பொறி: தேய்ந்த ஸ்பார்க் பிளக், கெட்ட காயில், பிளக் குழியில் கசிந்த எண்ணெய்.
* புகை வெளியேற்றம்: உருகியோ உடைந்தோ அடைபட்ட வினையூக்கி மாற்றி, நசுங்கிய புகைக்குழாய்.

இவற்றுடன், வால்வுகள் சரியாக மூடாமையால் உருளையின் அழுத்தம் குறைதல், நேரச் சங்கிலி நீண்டுவிடுதல் ஆகிய உட்பழுதுகளும் உண்டு.

சில வேளைகளில் கணினியே வேண்டுமென்று இழுவையைக் குறைக்கின்றது. மின்னணுத் திராட்டிலின் இரு உணரிகள் ஒன்றுக்கொன்று முரணான அளவைக் காட்டினால், எதை நம்புவதென்று அறிய இயலாத கணினி, பொறியின் ஆற்றலை வரம்பிட்டுக் காப்பு நிலைக்குச் செல்லும். இது லிம்ப் மோட் எனப்படுகின்றது. வண்டி ஊர்ந்து செல்ல முடியும். விரைவு எடுக்க முடியாது.

விளக்கும் இழுவைக் குறைவும் ஒருங்கே காணப்பட்டாலும் இரண்டிற்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. வழுக்கும் கிளச்சு, விடாமல் பிடித்திருக்கும் பிரேக்கு ஆகியனவும் வண்டியை மந்தமாக்கும். இவற்றைப் பொறிக் கணினி பெரும்பாலும் அறியாது. ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மிகுந்த வெப்பத்துடன் இருப்பது பிரேக்கு பிடித்திருப்பதன் அறிகுறி. பொறியின் சுழற்சி ஏற, வண்டியின் வேகம் ஏறாதிருப்பது கிளச்சு வழுக்குவதன் அறிகுறி.

பழுதைக் கண்டறியும் முறை

எளிய, செலவில்லாத சோதனைகளை முதலிலும், பாகங்களை மாற்றுவதை இறுதியிலும் வைத்துக்கொள்வது நன்று.

1. குறியீட்டை அழிக்கும் முன் அனைத்தையும் குறித்துக்கொள்ளுதல். உறுதியான குறியீடுகள், தற்காலிகக் குறியீடுகள், உறைநிலைப் பதிவு ஆகிய மூன்றும் தேவை. பழுது பதியப்பட்ட கணத்தில் நிலவிய பொறிச் சுழற்சி, சுமை, குளிர்நீர் வெப்பநிலை, வண்டியின் வேகம், எரிபொருள் திருத்தம் முதலியவை உறைநிலைப் பதிவில் இருக்கும். குறியீட்டை அழித்தால் இப்பதிவும் அழிந்துவிடும்.

2. உறைநிலைப் பதிவை வாசித்தல். குளிர்ந்த பொறியில் பதிவானதா, மேட்டில் ஏறும்போது பதிவானதா, நின்றுகொண்டிருக்கும்போது பதிவானதா என்பது தெரிந்தால், அதே நிலையை மீண்டும் உண்டாக்கிச் சோதிக்கலாம்.

3. கண்ணால் பார்த்தல். காற்று வடிகட்டி, அதன்பின் உள்ள குழாய், வெற்றிடக் குழாய்கள், இணைப்பிகள், மண் இணைப்புகள், மின்கல முனைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அண்மையில் ஏதேனும் வேலை நடந்திருந்தால், அவ்விடத்திலிருந்து தொடங்குவது நன்று.

4. எரிதவறல் குறியீடு இருந்தால் இடமாற்றிப் பார்த்தல். உருளைக்கு ஒரு காயில் உள்ள பொறிகளில், பொறியை அணைத்து ஆறவிட்டபின், இரண்டாம் உருளையின் காயிலை மூன்றாம் உருளைக்கு மாற்றலாம். பி0302 மறைந்து பி0303 தோன்றினால் காயில் பழுது. குறியீடு இடம் மாறாவிட்டால், ஸ்பார்க் பிளக்கையும் அவ்வாறே மாற்றிப் பார்த்து, பின்னர் தெளிப்பியையும் உருளையின் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். உருளைகளுள் மிகக் குறைந்த அழுத்தம், மிகக் கூடிய அழுத்தத்தின் 75 விழுக்காட்டுக்குக் குறையாதிருத்தல் பொதுவான அளவுகோல். இயங்கும் பொறியில் காயிலைக் கழற்றுதல் ஆபத்தானது.

5. எரிபொருள் திருத்தத்தைப் பல நிலைகளில் வாசித்தல். இது அடுத்த பகுதியில் விளக்கப்படுகின்றது.

6. எரிபொருள் அழுத்தத்தையும் புகைக்குழாயின் பின்னழுத்தத்தையும் அளத்தல்.

எரிபொருள் திருத்தத்தை வாசித்தல்

பொறி நன்கு சூடேறியபின், முடுக்கியை மிதிக்காத ஓய்வு இயக்கத்திலும், நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளிலும், மேட்டில் ஏறுவது போன்ற சுமையிலும் திருத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுமையில் வாசிக்கும்போது ஓட்டுபவர் ஒருவரும் வாசிப்பவர் ஒருவருமாக இருவர் தேவை. கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்கான எடுத்துக்காட்டுகள்.

* ஓய்வு இயக்கத்தில் +22, 2,500 சுற்றில் +5: அளக்கப்படாத காற்று எங்கோ நுழைகின்றது. ஓய்வில் பொறி சிறிதளவு காற்றையே இழுப்பதால் கசிவு பெரும்பங்காகின்றது. சுழற்சி கூடும்போது அதே கசிவு சிறுபங்காகிவிடுகின்றது.
* ஓய்வு இயக்கத்தில் +2, சுமையில் +20: தேவை கூடும்போது எரிபொருள் போதவில்லை, அல்லது அழுக்கடைந்த காற்றோட்ட உணரி வரும் காற்றைக் குறைத்துக் கூறுகின்றது. எரிபொருள் அழுத்தத்தை அளந்தால் இரண்டில் எது என்பது தெளிவாகும். அழுத்தம் உரிய அளவில் இருந்தால் உணரியை அதற்கென உள்ள தெளிப்பு நீர்மத்தால் தூய்மை செய்து மீண்டும் அளக்கலாம்.
* எல்லா நிலையிலும் -20: எரிபொருள் மிகுதி. கசியும் தெளிப்பி, மிகுந்த எரிபொருள் அழுத்தம், மூடாமல் நின்ற பெட்ரோல் ஆவி வால்வு ஆகியன ஆராயத்தக்கவை.
* எல்லா நிலையிலும் இயல்பான அளவு, ஆயினும் இழுவை இல்லை: கலவை சரியாக உள்ளது, பொறிக்குள் செல்லும் மொத்தக் காற்றே குறைவாக உள்ளது. அடைபட்ட புகைக்குழாயையும் நேரச் சங்கிலியையும் ஐயுற வேண்டும்.

காற்றோட்ட உணரி இன்றி அழுத்த உணரி மட்டும் கொண்ட பொறிகளில் முதல் எடுத்துக்காட்டு இவ்வாறு தோன்றாது. கசிந்து வரும் காற்றும் குழாயின் அழுத்தத்தைக் கூட்டுவதால், கணினி அதற்கும் சேர்த்தே பெட்ரோல் தெளிக்கின்றது. கலவை மெலிவதற்கு மாறாக, ஓய்வு இயக்கத்தின் சுழற்சி இயல்பைவிட உயர்ந்து காணப்படும். எனவே வண்டியில் எவ்வகை உணரி உள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எத்தனால் கலப்பும் திருத்தத்தை மாற்றும். எத்தனாலுக்கு அதன் எடையைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு காற்றே போதுமாதலால், 10 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.1 மடங்கும், 20 விழுக்காடு கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 மடங்கும் காற்று தேவை. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறும்போது திருத்தம் 4 விழுக்காடு அளவுக்கு ஏறலாம். இது மட்டுமே விளக்கை எரியவைக்கப் போதாது. ஏற்கெனவே எல்லையை நெருங்கியிருந்த பொறியை இது எல்லைக்கு அப்பால் தள்ளக்கூடும்.

அடைபட்ட வினையூக்கி மாற்றி

திரும்பத் திரும்ப எரியும் விளக்கும் நாளடைவில் கூடிவரும் இழுவைக் குறைவும் சேர்ந்து காணப்படும் வண்டிகளில் இப்பழுது தனிக் கவனத்துக்கு உரியது. மாற்றியின் உள்ளே தேனடை போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி உள்ளது. துளைகளின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த மாழைகள் பூசப்பட்டுள்ளன. எரியாத பெட்ரோல் இங்கு வந்து எரியும்போது வெப்பநிலை கட்டுக்கடங்காது உயர்கின்றது. பூச்சு முதலில் திறனிழக்கும். கடுமையான நிலையில் பீங்கானே உருகித் துளைகள் அடைபடும். அதன்பின் புகை வெளியேற வழியின்றி, புதிய காற்று உட்செல்லவும் இடமின்றிப் பொறி திணறும்.

இதனை அறிய இரு சோதனைகள் உண்டு. முதலாவது, உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிட அளவியைப் பொருத்துவது. கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில், நலமான பொறி ஓய்வு இயக்கத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் காட்டும். 2,500 சுற்றில் நிலையாக வைத்திருக்கும்போது அளவு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே சென்றால் புகைவழி அடைபட்டிருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது, மாற்றிக்கு முன்னுள்ள ஆக்சிசன் உணரியைக் கழற்றி அத்துளையில் அழுத்த அளவியைப் பொருத்துவது. 2,500 சுற்றில் பின்னழுத்தம் 0.2 பாருக்கு மேல் செல்வது அடைப்பைக் காட்டும்.

அடைப்பு உறுதியானாலும், மாற்றியை மாற்றும் முன் அது ஏன் அடைபட்டது என்பதற்கு விடை காண வேண்டும். எரிதவறலோ, செறிந்த கலவையோ, எண்ணெய் எரிதலோ அதற்கு முன்னர் நிகழ்ந்திருக்கும். பொறியின் பாகங்களுள் விலைமிக்கவற்றில் ஒன்று மாற்றி; காயிலும் ஸ்பார்க் பிளக்கும் அதனுடன் ஒப்பிட மிகக் குறைந்த விலையின. சிறிய பழுதைப் பொருட்படுத்தாது ஓட்டுவது பெரிய செலவில் முடிவது இவ்வாறே. உட்பகுதியை உடைத்து வெற்றுக் குழாயாக்கிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இதனால் நச்சுப்புகை தடையின்றி வெளியேறுகின்றது. திறன் குறைந்ததைப் பின்னுள்ள ஆக்சிசன் உணரி அறிவிப்பதால் பி0420 குறியீட்டுடன் விளக்கும் மீண்டும் எரிகின்றது.

டீசல் பொறிகள்

புகைக்கரி வடிகட்டி கொண்ட டீசல் தானுந்துகளில், நெரிசலான நகரத்துக்குள் குறுந்தொலைவு மட்டும் ஓட்டுவதால் கரி சேர்ந்து இழுவை குறைந்து விளக்கு எரிவதுண்டு. சேர்ந்த கரியை எரித்து நீக்க வடிகட்டி ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பத்தை அடைய வேண்டும். இதற்கு நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் இடைவிடாது ஓட்டுதல் உதவும். கைநூலில் கூறப்பட்டுள்ள முறையைப் பின்பற்ற வேண்டும். அவ்வாறு ஓட்டியும் கரி மீண்டும் விரைவில் சேர்ந்தால், தெளிப்பிகளையும், புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் வால்வையும், டர்போவின் காற்றுக் குழாய்களையும் சோதிக்க வேண்டும்.

பயணத்தைத் தொடர்தல்

விளக்கு ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தால் முடுக்கியைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே தக்கது. தொடர்ந்து ஓட்டினால் மாற்றி உருகுவதுடன், அதன் கடும் வெப்பத்தால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. காய்ந்த புல்மேல் இத்தகைய வண்டியை நிறுத்தலாகாது. விளக்கு தொடர்ந்து எரிந்து, வண்டி இயல்பாக ஓடினால் மிதமான வேகத்தில் பட்டறை வரை செல்லலாம். இழுவை குறைந்திருந்தால், எதிரில் வாகனம் வரும் சாலையில் முந்திச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். எதிர்பார்த்த நேரத்தில் வேகம் எடுக்காத வண்டி, அப்போது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

பழுது நீங்கியதை உறுதி செய்தல்

விளக்கு அணைந்திருப்பது மட்டும் பழுது நீங்கியதற்குச் சான்றாகாது. குறியீட்டை அழிக்கும்போது, கணினி ஏற்கெனவே முடித்திருந்த தற்சோதனைகளின் முடிவுகளும் அழிகின்றன. அவை மீண்டும் நிறைவுறும் வரை, பழுது உண்டா இல்லையா என்பதைக் கணினியே அறியாது. மின்கல இணைப்பைக் கழற்றுவதாலும் பொதுவாக இதே விளைவு ஏற்படும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் புகைச் சோதனையில், பல தற்சோதனைகள் நிறைவுறாத வண்டி திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுவே காரணம்.

எனவே வேலை முடிந்தபின் ஸ்கேனரில் தற்சோதனைகள் நிறைவுற்றதையும், தற்காலிகக் குறியீடு எதுவும் இல்லாததையும், முன்னர் பழுது பதிவான அதே வேகத்திலும் சுமையிலும் எரிபொருள் திருத்தம் இயல்புக்குத் திரும்பியதையும் பார்க்க வேண்டும். வண்டியை ஒப்படைப்பவர், பழுது எப்போது தோன்றுகின்றது என்பதையும், முன்பு பதிவான குறியீடுகளையும், மாற்றப்பட்ட பாகங்களையும் எழுதிக் கொடுப்பது பயன்தரும். எந்த அளவீட்டைக் கொண்டு ஒரு பாகம் பழுதெனக் கொள்ளப்பட்டது என்று பட்டறையில் கேட்கலாம். குறியீடு அவ்வாறு காட்டியது என்பது மட்டுமே விடையாக இருந்தால், அப்பாகத்தை வாங்கும் முன் மேலும் ஒரு சோதனை செய்யச் சொல்வது வீண்செலவைத் தவிர்க்கும்.